பிரேசில் ஆளுநர் தேர்தலின் இரண்டாம் சுற்றை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

பிரேசிலில் ஒரு மாநிலத் தேர்தல் இரண்டாம் சுற்றுக்குப் போனால், "முதல் சுற்றில் யார் முன்னிலை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட வெளியேறியவர்கள் எத்தனை ஓட்டு வைத்திருந்தார்கள், அது எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் போதும், இதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கணக்குத் தணிக்கையிலேயே வேலைக்காலம் போனவன் நான். மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்க்காமல் எந்தத் தேர்தல் செய்தியையும் என்னால் நம்ப முடிவதில்லை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆளுநரை யாரும் நியமிப்பதில்லை, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் பார்க்கும் வேலைதான் அவருக்கு: மாநில போலீஸ், பள்ளி, பட்ஜெட் எல்லாம் அவர் பொறுப்பு. 26 மாநிலங்கள், தலைநகர் பிரசிலியாவின் மாவட்டம் என 27 இடங்களிலும் ஜனாதிபதி தேர்தலோடு ஒரே நாளில் இந்தத் தேர்தலும் நடக்கும். அக்டோபரின் முதல் ஞாயிறு முதல் சுற்று. யாரும் பாதியைத் தாண்டவில்லை என்றால் முதல் இருவர் மட்டும் கடைசி ஞாயிறு மறுபடி மோதுவார்கள். 2022-ல் அது அக்டோபர் 2, 30. 2026-க்கு அக்டோபர் 4, 25. 2022-ல் 15 இடங்களில் முதல் சுற்றோடு கதை முடிந்தது, 12 இடங்கள் இரண்டாம் சுற்றுக்குப் போயின.

சரி, பாதி என்றால் எதில் பாதி? இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. ஓட்டு மெஷினைக் கண்முன் கொண்டுவாருங்கள். போனில் இருப்பதுபோல எண் பொத்தான்கள், அவற்றுக்குக் கீழே வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என மூன்று பொத்தான்கள். ஆளுநர் வேட்பாளருக்கு அவருடைய கட்சியின் இரண்டு இலக்க எண்தான் எண். அதை அழுத்தினால் வேட்பாளரின் படம் திரையில் வரும். சரியென்றால் பச்சை, மாற்ற வேண்டுமானால் ஆரஞ்சு. யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் வெள்ளையை அழுத்திவிட்டுப் பச்சை, அது வெற்று ஓட்டு. யாருக்கும் இல்லாத எண்ணை அழுத்திப் பச்சை கொடுத்தால் அது செல்லாத ஓட்டு. இந்த இரண்டு வகையையும் கழித்த பிறகு மிஞ்சுவதில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கருத்துக்கணிப்பைப் படிக்கும்போதும் இது நினைவிருக்கட்டும். உதாரணத்துக்கு, ஒருவருக்கு 48, இன்னொருவருக்கு 42, வெற்று ஓட்டும் முடிவு செய்யாதவர்களும் 10 என்று ஒரு கணிப்பு வந்தால், 48-ஐ 90-ஆல் வகுத்துப் பாருங்கள். 53 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். "50-ஐக்கூடத் தொடவில்லையே" என்று எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்யாதவர்கள். அப்புறம், அங்கே வெளியிடப்படும் ஒவ்வொரு கணிப்பும், நம் தேர்தல் ஆணையத்தின் வேலையைப் பார்க்கும் தேர்தல் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அதற்கு ஒரு பதிவு எண்ணும் உண்டு. அந்த எண் இல்லாத கணிப்பை நான் படிப்பதே இல்லை.

இப்போது நோட்டைத் திறந்து நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், முதல் சுற்று ஓட்டு, இரண்டாம் சுற்று ஓட்டு, கூடியது. நான் பழகுவதற்குக் கொடுப்பது எப்போதும் தெற்குக் கோடி மாநிலமான ரியோ கிராண்டே தோ சுல்லின் 2022 தேர்தல்தான். இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் சுற்றில் ஓனிக்ஸ் லொரென்சோனி 23,82,026 ஓட்டு. அப்போதைய ஜனாதிபதி போல்சொனாரோவின் அமைச்சராக இருந்தவர், அவருடைய கட்சிக்காரர், எண் 22. அடுத்து எதுவார்தோ லெய்தே, 17,02,815. ஏற்கெனவே ஆளுநராக இருந்து, அந்த ஆண்டே பதவியை விட்டு இறங்கி, மறுபடி நின்றவர், எண் 45. மூன்றாவது, ஜனாதிபதி தேர்தலில் போல்சொனாரோவை எதிர்த்து நின்ற லூலாவின் இடதுசாரித் தொழிலாளர் கட்சியின் எதெகார் பிரெத்தோ, 17,00,374. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே 2,441 ஓட்டு! அறுபது லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில் இவ்வளவுதான் வித்தியாசம். முதல் சுற்றில் நீங்கள் கண் வைக்க வேண்டிய இடமும் இதுதான். பாதியை யாரும் நெருங்காத மாநிலத்தில் உண்மையான போட்டி இரண்டாம் இடத்துக்குத்தான் நடக்கிறது.

சதவீதத்தில் ஓனிக்ஸ் 37.50, லெய்தே 26.81. பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கியவர் எப்படி ஜெயிப்பார்? நான்காவது கட்டத்தை நிரப்புங்கள். அக்டோபர் 30-ல் லெய்தேவுக்கு 36,87,126, ஓனிக்ஸுக்கு 27,67,786. அதாவது லெய்தேவுக்குக் கூடியது 19,84,311, ஓனிக்ஸுக்குக் கூடியது 3,85,760. முடிவு 57.12க்கு 42.88. வெளியேறியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முதல் சுற்றில் இருந்தது ஏறத்தாழ 22 லட்சத்து 67 ஆயிரம். அதில் பெரும்பங்கு பிரெத்தோவுடையது. அந்த இடதுசாரி ஓட்டுக்காரர்களுக்கு லெய்தே மேல் பாசம் ஒன்றும் கிடையாது, ஆனால் போல்சொனாரோவின் ஆள் ஆளுநராவதை அவர்கள் விரும்பவில்லை. கூட்டலே அதைச் சொல்லிவிடுகிறது. ராணுவ ஆட்சி முடிந்த பிறகு அந்த மாநிலத்தில் அதுவரை எந்த ஆளுநரும் மறுபடி ஜெயித்ததில்லை. முதல்முறையாக ஜெயித்தவர் முதல் சுற்றில் கால்வாசிக்குச் சற்று மேல் மட்டுமே வாங்கியவர். நம் முறையில் ஒரு ஓட்டு கூடினாலும் வெற்றி என்பதால் ஓனிக்ஸ் அன்றைக்கே பதவிக்கு வந்திருப்பார். மாநிலத்தில் பாதிப்பேருக்காவது ஏற்புடையவர்தான் ஆளவேண்டும் என்ற இந்த விதி எனக்கு உயர்ந்ததாகவே படுகிறது.

இது ஏதோ ஒரு மாநிலத்து அதிசயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-ல் இரண்டாம் சுற்று நடந்த 12 மாநிலங்களில் 4-ல் பின்னால் இருந்தவர் ஜெயித்தார். பெர்னம்புக்கோவில் முதல் சுற்றில் மரீலியா அராயெஸ் 23.97, ராக்கேல் லீரா 20.58. அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் 18 சதவீதத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் சுற்றில் ராக்கேலுக்கு 58.70. வெளியே இவ்வளவு ஓட்டு கிடக்கும்போது முன்னிலைக்கு மதிப்பே இல்லை. பாஹியாவில் நிலைமை நேர் எதிர். ஜெரோனிமோ ரோட்ரிகஸ் 49.45 வாங்கி நூலிழையில் நின்றார். எதிரே ஏ.சி.எம். நெட்டோவுக்கு 40.80. வெளியே மிச்சமே பத்து சதவீதத்துக்குக் கீழ்தான். அதில் பெரும்பங்கு நெட்டோவுக்குப் போயும் 52.79-ல் ஜெரோனிமோ ஜெயித்தார். ஆக, முதல் சுற்று இரவிலேயே இரண்டு எண்ணை எழுதி வையுங்கள்: முன்னணியில் இருப்பவருக்குப் பாதிக்கு எவ்வளவு குறைகிறது, வெளியே எவ்வளவு கிடக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், அந்த மிச்சத்தில் எத்தனை பங்கு அவருக்குத் தேவை என்று தெரிந்துவிடும். ஜெரோனிமோவுக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. மரீலியாவுக்கு ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது.

இடையில் வரும் மூன்று நான்கு வாரத்தில் பெரிதாக மாறுவது ஒன்று: டிவி, வானொலியில் இலவசப் பிரசார நேரம். முதல் சுற்றில் பெரிய கட்சிக்குப் பெரும்பங்கு கிடைக்கும், இரண்டாம் சுற்றில் இருவருக்கும் சரிபாதி. இருவரில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அடுத்த இடத்தில் இருந்தவரைக் கூப்பிடுவார்கள். ஓட்டு சமமானால் வயதில் மூத்தவருக்கு வெற்றி.

முடிவு வரும் இரவுக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிரசிலியா நேரம் மாலை 5-க்கு ஓட்டுப்பதிவு முடியும், நமக்கு அது திங்கள் அதிகாலை 1:30. நாடு முழுக்க ஒரே நேரத்தில் முடிப்பதால் எண்கள் மளமளவென்று வரும். தேர்தல் நீதிமன்றத்தின் இணையதளத்திலும் செயலியிலும் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஆரம்ப சதவீதத்தைப் பார்த்து எதுவும் முடிவுசெய்ய வேண்டாம். எந்த ஊர்ப் பெட்டிகள் வந்திருக்கின்றன என்று பாருங்கள். பாஹியாவில் நெட்டோ தலைநகர் சால்வதோரின் முன்னாள் மேயர், நகரத்தில் அவர் கை ஓங்கியிருக்கும், உள்பகுதிகளில் ஜெரோனிமோவின் கட்சி. எது முதலில் வருகிறதோ அதைப் பொறுத்துத் திரை உங்களைக் குழப்பும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வேலை. காலையில் ஓட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு மெஷினும் எல்லாம் பூஜ்யம் என்று ஒரு சீட்டு அச்சடிக்கும். மாலையில் முடிந்ததும் இன்னொரு நீளச் சீட்டு: அந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை, வெற்று எத்தனை, செல்லாதது எத்தனை, கீழே க்யூஆர் குறியீடு. ஒரு பிரதியைச் சாவடிக் கதவிலேயே ஒட்டுவார்கள். ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தேர்தல் நீதிமன்றத் தளத்திலும் கிடைக்கும். ரியோ கிராண்டே தோ சுல்லின் 2022 இரண்டாம் சுற்றுச் சீட்டு ஒன்றைத் திறந்து, ஆளுநருக்கு 22 எத்தனை, ஜனாதிபதிக்கு 22 எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த மாநிலத்தில் ஜனாதிபதி தேர்தலில் போல்சொனாரோ 56.35 வாங்கினார், அவருடைய ஆள் ஓனிக்ஸுக்கு அதே மெஷினில் 42.88தான். ஆளுநருக்கு 45 அழுத்தி, அடுத்த திரையில் 22 அழுத்தியவர்கள் எந்த ஊரில் அதிகம் என்று தேட ஒரு பெரிய நகரத்தில் பத்துச் சாவடி, ஒரு சிறிய ஊரில் பத்துச் சாவடி எடுத்தால் போதும்.