ஓரடி அகலத்தில் ஒரு வாசல்

சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோருக்கு வாசல் என்பது கதவுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கிடக்கும் தாழ்வாரம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் முற்றம் கேட்டால் யார் தருவார்கள்? தரைவீட்டில் புல்வெளியும் கொடிப்பந்தலும் வைத்திருப்பவர்களின் கதை வேறு. இது ஈசூனில் நாலாம் மாடியில் இருப்பவன் எழுதுவது.

என் வாசலை இருமுறை அழகுபடுத்தி, இருமுறையும் கெடுத்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: முதலில் செடி வாங்கினேன், பிறகு இடம் தேடினேன். மூன்றாம் முறை வரிசையை மாற்றினேன். அந்த வரிசை இதோ.

1. அளவுநாடாவை எடுங்கள்

பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்கவேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படை. தீப்பிடித்தால் புகையில் கண் தெரியாமல் ஓடிவருபவர் உங்கள் ரோஜாத் தொட்டியில் இடறக்கூடாது. நோயாளியைத் தூக்குபடுக்கையில் கொண்டுபோகவும் இடம் வேண்டும்.

என் தாழ்வாரம் ஒன்றரை மீட்டர். கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி. அந்தக் கோட்டில் தரையில் நிறநாடா ஒட்டினேன். நீங்களும் ஒட்டுங்கள். கண் எப்போதும் கூடுதலாகவே அளக்கும். பொருள்களை ஒரே பக்கமாக வையுங்கள். எதிரெதிரே வைத்தால் வழி இரண்டு பக்கமும் குறையும். உங்கள் புளோக்கின் விதிகளை நகர மன்றத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது.

கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள், வெளியே தொங்கவிடவும் வேண்டாம். விழுந்தால் உயிரே போகும். நான் முதல்முறை அங்கேதான் ஒரு தொட்டியைத் தொங்கவிட்டேன். நல்லவேளை, விழவில்லை. ஆனால் தண்ணீர் சொட்டியது. கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "தம்பி, உங்கள் செடிக்கு நீங்கள் மழை பெய்விக்கலாம், காயப்போட்ட என் புடவைக்கும் எதற்கு?" என்று கேட்டார். அன்றே கழற்றிவிட்டேன்.

2. கழியுங்கள்

கதவருகே கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர், பதினேழு ஜோடி. அதில் தினமும் காலில் ஏறுவது ஐந்து. மற்றவை உள்ளே போகட்டும், அல்லது பிய்ந்தவை குப்பைக்குப் போகட்டும். பழைய செய்தித்தாள், ஓடாத மின்விசிறி போன்றவற்றுக்குப் பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் இருக்கிறார். இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டாலும் வாசல் பாதி தேறிவிடும். செலவு ஒரு காசும் இல்லை.

3. இரும்புக் கதவுக்கு வண்ணம்

தாழ்வாரச் சுவர் பொதுச்சொத்து, அதில் தூரிகை வைக்காதீர்கள். கம்பிக் கதவு உங்களுடையது. வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

குனிந்து அடிக்கம்பியைப் பாருங்கள். தரை துடைக்கும் ஈரம் தேங்குவதால் துரு அங்கேதான் தொடங்கும். பழைய வண்ணம் கொப்புளம் கட்டியிருக்கும். நகத்தால் நெருடினால் செம்பழுப்புச் செதில் உதிரும். அந்தக் கொப்புளத்தின் மேலேயே புது வண்ணம் பூசுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உள்ளிருக்கும் துரு புது வண்ணத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். கம்பித் தூரிகையால் செதிலை உதிர்த்து, உப்புத்தாளால் மொழுமொழுவென்று ஆகும்வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு துருத் தடுக்கும் அடிப்பூச்சு ஒரு முறை, எனாமல் வண்ணம் மெல்லியதாக இரண்டு முறை. தடிமனாக ஒரே முறை பூசினால் கண்ணீர்போல் வழிந்து உறைந்துவிடும். பூட்டுத் துவாரத்தை நாடா ஒட்டி மறைக்க மறக்காதீர்கள்.

இடிமழை நம் ஊரில் பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகவே காலையில் தொடங்குங்கள். நிறம் உங்கள் விருப்பம். ஆனால் தங்க நிறம் மட்டும் வேண்டாம் என்பேன். இரண்டே மாதத்தில் நகைக்கடை விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிடும்.

4. வெயிலைப் பின்தொடருங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இது. மேம்பாலங்களில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் காகிதப்பூவைப் பார்த்து மயங்கி ஒன்று வாங்கிவந்தேன். அங்கே அதற்கு நாள் முழுக்க வெயில். என் தாழ்வாரத்தில் அரைமணி நேரம். ஆறு மாதத்தில் ஒரு பூவும் வைக்காமல் முள்ளை மட்டும் வளர்த்தது.

ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணிக்கும் வெயில் விழும் எல்லையைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இருப்பதால் சூரியன் ஜூனில் நமக்கு வடக்கே போகிறது, டிசம்பரில் தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஆண்டின் நடுவில் கிடைக்கும் வெயில் தீபாவளிக்கு முன்பே காணாமல் போய்விடும். தெற்குப் பார்த்ததற்கு நேர்மாறு. செடி திடீரென்று வாடினால் உரத்தைக் குறை சொல்லுமுன் நாள்காட்டியைப் பாருங்கள்.

நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர்வெயில் விழுந்தால் கறிவேப்பிலை, துளசி, மல்லிகை. வெளிச்சம் மட்டும் இருந்தால் மணி பிளாண்ட், மருள், பறவைக்கூட்டுப் பெரணி. இந்தப் பெரணியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் பச்சைக் கூடைபோல் தொற்றிக்கொண்டிருக்குமே, அதுதான். கிளை நிழலில் வளர்வது தாழ்வார நிழலுக்கு அஞ்சாது.

5. தொட்டிகள்

ஓரடிக்குள் அடங்கும் தொட்டிகளாக, எல்லாம் ஒரே நிறத்தில், ஐந்துக்கு மேல் போகாமல் வாங்குங்கள். பால்டின்னும் எண்ணெய்க் கலமும் பச்சை வாளியும் கலந்து நின்றால் எந்தச் செடி இருந்தாலும் எடுபடாது. உயரமானது மூலையில், படர்வது முன்னால். கதவு முழுதாகத் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு இடித்தது.

தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துவிடுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். மண்ணையும் கிளறிவிடுங்கள். இறுகிப்போன மண்ணின் மேல் தேங்கும் நீரிலும் அது முட்டையிடும். இதைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்லிவருகிறது; நாம்தான் தட்டை மட்டும் கவிழ்த்துவிட்டு மண்ணை மறந்துவிடுகிறோம்.

6. கோலமும் தோரணமும்

மின்கலத்தில் எரியும் சிறுவிளக்கு போதும். தாழ்வாரத்தின் குறுக்கே மின்கம்பி இழுக்காதீர்கள். மாவிலை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கிடைக்கும். நெகிழித் தோரணம் வாடாது என்பது உண்மைதான், ஆனால் தூசி படிந்தால் வாடியதைவிட மோசமாக இருக்கும்.

கோலத்துக்குத் தரையை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் இழுக்கும் தறுவாயில் மாவு இழையுங்கள். பளிங்குத் தரையில் காய்ந்த மாவு நிற்காமல் காற்றோடு போய்விடும். ஐந்து புள்ளிக் கோலம் போதும். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) சந்தைக்குப் போகும்போது அதை மிதிக்கக்கூடாதென்று சுவரை ஒட்டி, பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போகிறார். அதனால் இப்போது கோலத்தைக் கதவுப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போடுகிறேன்.