புளியங்கொட்டையில் பத்தின் கூட்டல்

பத்துப் புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக் கொடுத்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைக் குலுக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் பத்துக்கான ஒரு கூட்டல் கணக்கு செலவில்லாமல் கிடைத்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது என்பதால் தேய்ப்பதற்கு உதவாது. சொரசொரப்பான சிமெண்டுத் தரையே ஏற்றது. தேய்த்த கொட்டை நன்றாகச் சுடும், ஆகவே இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். விழுந்த வெள்ளையையும் கறுப்பையும் எண்ணிக் கூட்டினால் மொத்தம் எப்போதும் பத்தாகவே இருப்பதால், நான்கு வெள்ளையைக் கண்ட பிள்ளை நாளடைவில் கறுப்பை எண்ணாமலே ஆறு என்று சொல்லிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பது ஆசிரியருக்குப் பெரிய நிறைவு. பத்தும் ஒரே நிறமாக விழுவது மிக அரிது என்பதால், அந்தக் கணக்கை மட்டும் நாமே அடுக்கிக் காட்ட வேண்டும். பத்துவரை எண்ணத் தெரியாதவர்களுக்கு இது பயன்படாது; வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.