லாப்லாந்தின் காட்டுப் பாதையில் மிதிவண்டி: சாரிசெல்காவில் முதன்முறை ஓட்டுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, சாரிசெல்கா என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டியே உர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவரின் பெயரில் 1983-இல் நிறுவப்பட்ட இப்பூங்கா ஏறத்தாழ 2,550 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பைன் காடு, அதற்கு மேலே குட்டையான பிர்ச் மரங்கள், அதற்கும் மேலே மரமே இல்லாத வட்ட வடிவ மொட்டைக் குன்றுகள் என மூன்று வகை நிலத்தையும் ஒரே நாளில் கடந்துவிடலாம் என்பதால், காட்டுப் பாதையில் ஓட்டப் பழகுபவர்களுக்கு இவ்விடத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஏற்றங்கள் கடுமையானவை அல்ல. கடினம் முழுவதும் தரையில்தான் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியும் தரையை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பனி உருகித் தரை ஊறிக் கிடக்கும். அப்போது ஓட்டினால் சக்கரம் பாதையை உழுதுவிடும். ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் நள்ளிரவிலும் வெளிச்சம் இருப்பதால் இருட்டிவிடுமோ என்ற கவலை இல்லை. ஆனால் கொசுக்களும் சிறு கடிஈக்களும் நிற்கவிடாமல் துரத்தும். ஆகஸ்ட் பிற்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான காலமே தொடங்குபவர்களுக்கு மிகவும் ஏற்றது. தரை இறுகியிருக்கும், பூச்சிகள் குறைந்திருக்கும், செப்டம்பரில் பிர்ச் இலைகளும் தரையோடு படர்ந்த செடிகளும் மஞ்சளும் சிவப்புமாக மாறிவிடும்.

படி 2: அனுமதியுள்ள பாதையை உறுதிசெய்யுங்கள்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எனினும் நடப்பதற்கு உரிய எல்லாப் பாதைகளும் மிதிவண்டிக்கு உரியவை அல்ல. மிதிவண்டிக்கென அனுமதிக்கப்பட்ட, குறியிடப்பட்ட பாதைகளில் மட்டுமே ஓட்ட வேண்டும். புறப்படும் முன் அண்மைக்கால வரைபடத்தையும் பாதைத் தொடக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையையும் பாருங்கள்.

இந்த விதி காகித அளவிலானது அன்று. குன்றுகளின் மேல் மண் மிக மெல்லியது. அதை மூடியிருக்கும் லைக்கன் என்னும் பாசி போன்ற உயிரி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. அதுவே துருவ மான்களுக்குக் குளிர்கால உணவும் ஆகும். ஒரு சேற்றுக் குட்டையைத் தவிர்க்கப் பாதையோரமாக ஒருவர் ஓட்டினால், அடுத்து வருபவரும் அதே தடத்தில் வருவார், மழைநீர் அத்தடத்தை ஓடையாக அரித்துவிடும். எனவே குட்டையின் நடுவே மெதுவாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.

முதல் நாளுக்கு ருமாகுரு பள்ளத்தாக்கு, லூலாம்பி ஏரி ஆகியவற்றின் பக்கம் சென்று அன்றே ஊர் திரும்பும் பயணம் போதும்.

படி 3: மிதிவண்டியும் டயர் காற்றும்

சாரிசெல்காவிலேயே வாடகைக்கு மலைமிதிவண்டி கிடைக்கும். முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள வண்டியே போதுமானது. நான்கு அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலமுள்ள தடித்த டயர் வண்டிகள் கற்களின் மேல் நிதானமாக உருளும் என்பதால் புதியவர்களுக்கு அவை இன்னும் எளிது.

காற்றை நகரச் சாலைக்குரிய அளவில் விட்டுவிடாதீர்கள். டியூப் இல்லாத சாதாரண மலைமிதிவண்டி டயருக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரையும், தடித்த டயருக்கு 10 பிஎஸ்ஐ அளவிலும் தொடங்கி, உங்கள் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். டியூப் உள்ள டயரில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இல்லையேல் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி டியூப் பஞ்சராகும்.

பையில் மாற்று டியூப், சிறு பம்ப், கையுறை, மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, காகித வரைபடம், உணவு ஆகியவை இருக்கட்டும். அவசர உதவிக்கு எண் 112.

படி 4: தரைக்கேற்ப ஓட்டுங்கள்

கற்கள் நிறைந்த இடத்தில் உட்கார்ந்தபடி ஓட்டுவதே புதியவர்கள் விழுவதற்கு முக்கியக் காரணம். இரு பெடல்களையும் சமமட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கையும் முழங்காலும் சற்று மடங்கியிருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தின் மேல் அன்றி, சில மீட்டர் முன்னே இருக்கட்டும். ஏறும்போது, ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, உடலைச் சற்று முன்னே சாயுங்கள். இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னே தள்ளி, இரு பிரேக்குகளையும் ஒரே சீராக அழுத்துங்கள். ஒன்றை மட்டும் வெடுக்கென்று பிடிக்காதீர்கள்.

சதுப்பு நிலங்களின் மேல் நீளவாக்கில் பலகைகள் போடப்பட்டிருக்கும். உலர்ந்த பலகையில் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், ஒரே வேகத்தில் செல்லலாம். மழையில் நனைந்த பலகை மிகவும் வழுக்கும்; அதில் நான் ஓட்டச் சொல்லமாட்டேன்.

படி 5: எதிர்ப்படுபவர்களுக்கு வழிவிடுங்கள்

நடப்பவர்களுக்கு மிதிவண்டிக்காரரே நின்று வழிவிட வேண்டும். துருவ மான் பாதையில் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். பின்தொடர்ந்தால் அது பாதையிலேயே வெகுதூரம் ஓடிக் களைத்துப்போகும். பின்லாந்தின் துருவ மான்கள் காட்டில் திரிந்தாலும், காதில் வெட்டிய அடையாளத்தின் மூலம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. அவை ஒருவரின் வாழ்வாதாரம்.

வழியில் உள்ள குடில்களில் இளைப்பாறலாம். நெருப்பு மூட்ட அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும், அங்கு வைக்கப்பட்டிருக்கும் விறகை அளவாகப் பயன்படுத்துங்கள். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாட்களில் திறந்தவெளியில் நெருப்பே கூடாது.

படி 6: அடுத்த கட்டம், கீலோபா

முதல் நாள் பழகிவிட்டால், மறுநாள் தெற்கே கீலோபா குன்றின் அடிவாரத்தில் உள்ள சுற்றுலா மையம் வரை செல்லலாம். கல் பகுதிகளில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்கு மேல் கணக்கிடாதீர்கள். 546 மீட்டர் உயரமுள்ள கீலோபா குன்றின் உச்சியைக் காண விரும்பினால், வண்டியைக் கீழே விட்டு நடந்து ஏறுங்கள். திரும்புகையில் களைப்பாக இருந்தால் தார்ச்சாலை வழியாகச் சாரிசெல்காவை அடையலாம். ஆனால் அது விரைவு வாகனங்கள் ஓடும் ஈ75 நெடுஞ்சாலையில் சேர்வதால், பின்விளக்கை எரியவிட்டு, சாலையோரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். ஊர் சேர்ந்ததும் சங்கிலியில் ஒட்டிய மணலைத் துடைத்து எண்ணெயிட்ட பிறகே வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்.