ஒட்டாவா குளிருக்கு முன் ஹீட் பம்ப்பில் பார்க்க வேண்டியவை

ஒட்டாவாவைச் சுற்றியுள்ள கிராமத்து வீடுகளில் மண்ணிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் புவிவெப்ப ஹீட் பம்ப்பைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அக்டோபர் பிறந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றே: "ஆழ்துளையில் இறக்கிய குழாய் உறைந்துவிடுமா?" பத்து மீட்டருக்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் 8, 9 டிகிரியில் கிடக்கிறது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உறைவது வீட்டுக்குள் நிற்கும் ஹீட் பம்ப் பெட்டியில். குளிர்காலம் முழுக்க வெப்பத்தை எடுத்ததில் குழாயைச் சுற்றிய மண் குளிர்ந்துவிடும், பிப்ரவரி முடிவில் குழாய்த் திரவம் 0 டிகிரியை ஒட்டித்தான் உள்ளே வரும். பெட்டி அதை மேலும் 3, 4 டிகிரி குளிர்வித்து அனுப்பும். வெப்பம் கைமாறும் சுருளின் சுவரோ அதைவிடக் குளிர்ந்திருக்கும். வெறும் தண்ணீர் அங்கே கட்டிதட்டும், சுருள் வெடிக்கும், தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகும். அப்புறம் புதுப் பெட்டிதான்.

முதலில் குழாய்த் திரவத்தில் கலந்திருக்கும் உறைதடுப்பியை அளந்து பாருங்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால் என்றால் ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஒரு சொட்டு போதும். உறைநிலை மைனஸ் 10 அளவில் இருக்க வேண்டும். கனஅளவில் கால் பங்கு கிளைக்கால் இருந்தால் ஏறக்குறைய அது கிடைக்கும். உறைதடுப்பி மெத்தனால் என்றால் அந்தக் கருவியின் அளவுகோல் பொருந்தாது, அடர்த்திமானி வேண்டும். பயத்தில் கூடுதலாக ஊற்றுகிறவர்கள் உண்டு. திரவம் கெட்டியாகி அதை ஓட்டும் பம்ப் திணறும், ஓட்டம் குறையும். தவிர்க்க நினைத்த உறைதல்தான் நெருங்கி வரும். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவமா? வேண்டவே வேண்டாம்.

அடுத்து கண்ட்ரோல் போர்டு. உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் பெட்டியை நிறுத்தும் உறைதல் காப்புக்குப் பல மாடல்களில் இரண்டு நிலைகள் உண்டு: தண்ணீருக்கு மைனஸ் 1, உறைதடுப்பிக்கு மைனஸ் 9 அளவு. குழாய்த் திரவத்துக்குப் பதில் நேராகக் கிணற்று நீரில் ஓடும் பெட்டியை இரண்டாவது நிலையில் வைத்தால் காப்பே இல்லை என்று பொருள்.

கடுங்குளிரில் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் ஓட்டம் குறைவு: காற்று புகுந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். பெட்டி தானாக நின்றுவிட்டால் ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். உள்ளே பிடித்த பனி ஒவ்வொரு அழுத்தலுக்கும் தடிக்கும்.

நீண்ட மின்வெட்டும் உண்டு. 1998 ஜனவரிப் பனிப்புயலில் இப்பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருண்டு கிடந்தன. வீடே குளிர்ந்தால் தரைக்குழாயை உறைதடுப்பி காக்கும். குளியல் வெந்நீருக்காகப் பெட்டியோடு இணைத்த குழாயில் இருப்பதோ வெறும் தண்ணீர். அதன் வால்வுகளை மூடி முழுவதும் வடித்துவிடுங்கள். அதை ஓட்டும் சிறு பம்ப்பின் மின்னிணைப்பையும் கழற்றுங்கள். மின்சாரம் திரும்பும்போது தண்ணீரில்லாமல் ஓடினால் கெட்டுவிடும்.