நுண்கடன் ஆய்வின் முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்வது எப்படி?

தரவெல்லாம் எக்செல்லில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொடையாளருக்கு அறிக்கை போய்விடும். பதில் சொன்ன மட்டக்களப்பு மாவட்ட வாகரைப் பெண்களுக்கும் அது போய்ச் சேரவேண்டும். அவர்களுடைய தகவல் அது.

1. முதலில் ஒரு பக்கம். கனடாவின் சுகாதார ஆய்வுத் துறையில் பரவிய 1:3:25 நல்ல அளவு: முக்கிய செய்தி 1 பக்கம், சுருக்கம் 3, அறிக்கை 25. பக்கத்து அம்பாறை மாவட்டச் செயலகத்துக்கும் கொடுப்பதென்றால் சிங்களப் பிரதியும் தயாராக இருக்கட்டும்.

2. சதவீதத்தை வீட்டுக் கணக்காக்குங்கள். 37.5% என்பதை ‘8 வீட்டில் 3 வீடு’ என்று எழுதுங்கள். 40% என்பது 50% ஆனால் ‘10% கூடியது’ என்பது பிழை. கூடியது 10 சதவீதப் புள்ளி, முன்பிருந்ததில் 25%.

3. சிறிய எண்கள். அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒரு கிராம சேவையாளர் பிரிவில் ‘தவணை கட்டாத பெண் தலைமைக் குடும்பம் 3’ என்று போட்டால், பெயரே இல்லாவிட்டாலும் யார் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். 5க்குக் குறைந்ததைப் போடாதீர்கள். அந்தக் கட்டத்தை மட்டும் அழித்தாலும் போதாது. மொத்தம் 41, மற்ற இரண்டு பிரிவுகளில் 22, 16 என்றிருந்தால் கழித்துப் பார்ப்பவருக்கு 3 வந்துவிடும். 16ஐயும் மறைக்கலாம், அதைவிட 3 உள்ள பிரிவையும் 16 உள்ள பிரிவையும் சேர்த்து 19 என்று போடுவதே நல்லது. அச்சுக்கு முன் வேறொருவரிடம் கொடுத்துக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. கூட்டம். பெரும்போக அறுவடை நேரத்தில் வைக்காதீர்கள். முஸ்லிம் ஊர்களில் வெள்ளி மதியம் வேண்டாம். கடன் அறவிட வரும் நாளை மாதர் சங்கத் தலைவியிடம் கேட்டு அதையும் தவிருங்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நின்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பவர்பொயின்ட் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் திரை தெரியாது. டிமைத் தாளே (பெரிய அளவுத் தாள்) சிறந்தது: தாளுக்கு ஒரு முடிவு, தடித்த மார்க்கர். ‘இது சரியா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘இதில எது உங்கட ஊருக்குப் பொருந்தாது?’ என்று கேளுங்கள். சொல்வதை அதே தாளில் வேறு நிறத்தில், அவர்கள் கண்முன்னே எழுதுங்கள்.

5. வராதவர்களுக்கு வட்ஸ்அப் குரல் பதிவு, 2 நிமிடத்துக்குள். பிடிஎஃப் அனுப்பினால் சின்ன போனில் எழுத்துத் தெரியாது.

பின்சேர்க்கை: அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் உள்ள கூட்ட வரவுப் பதிவைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 3ஆம் படியில் மறைத்தவர்கள் அதில் வெளியே வந்துவிடுவார்கள்.