எம்.பி.ஏ. இடம் கிடைக்காத வருஷத்தில் செய்யக் கூடாதவை

ஏப்ரல், மே வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தப் பேச்சு அடிபடும். ஒருத்தர் மகனுக்குத் திருச்சி ஐ.ஐ.எம்.மில் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனம்) எம்.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது, இன்னொருத்தர் மகளுக்கு "எங்கேயும் வரலை". முதல் தவறே இந்த "எங்கேயும் வரலை"தான். நேர்காணலுக்கே அழைப்பு வராமல் இருந்திருக்கலாம். அழைப்பு வந்து, நேர்காணலில் தேறாமல் போயிருக்கலாம். காத்திருப்போர் பட்டியலில் நின்று, அது நகராமலே போயிருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. ஆனால் வீட்டில் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: மதுரையிலோ சென்னையிலோ கோச்சிங்கில் சேர்ந்து இன்னொரு தடவை கேட் (ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வு) எழுது.

கோச்சிங் பணம் கட்டுவதற்கு முன்னால் மதிப்பெண் அட்டையை எடுத்துப் பாருங்கள். கேட் தேர்வில் மொழி, தரவும் தர்க்கமும், கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். மொத்தத்தில் 95 பெர்சென்டைல் (எழுதியவர்களில் 95 சதவீதம் பேரைவிட மேலே) வாங்கியும், ஒரே ஒரு பகுதியில் வெட்டுப்புள்ளிக்கு (கட்-ஆஃபுக்கு) கீழே போனதால் அழைப்பு வராதவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு பகுதியில் பயிற்சி. முழுப் பாடத்தையும் முதலிலிருந்து உருட்டுவது நேர விரயம். இன்னொரு பக்கம், பல ஐ.ஐ.எம்.கள் ஆளைத் தேர்ந்தெடுக்கப் போடும் கணக்கில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களும் சேர்கின்றன. அவற்றை இனி யாரும் மாற்ற முடியாது. எதற்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் சேர்க்கைக் கொள்கையில் வெளியிடுகிறது. பழைய மதிப்பெண் இழுக்கிறது என்று தெரிந்தால் அதற்கு எடை குறைவாகத் தரும் இடங்களுக்குப் போடுவதுதான் புத்தி. பலர் அந்தக் கொள்கையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. தாலுகா ஆபீஸில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களுக்கு, மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நேர்காணலில் தேறாதவர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். "அப்பா என்ன செய்கிறார்?" "பிசினஸ் சார்." அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு, மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தலைமைப் பண்பு, டீம் ஒர்க் பக்கம் தாவிவிடுகிறார்கள். கேட்பவர் விடமாட்டார். என்ன பிசினஸ், கொள்முதல் எங்கே, கடனுக்குக் கொடுத்தால் பணம் திரும்ப எத்தனை நாள் ஆகும், ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று போவார். வீட்டிலேயே ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுத் தரை ஓடு) பட்டறை வைத்திருக்கும் பையன் இதற்குத் திணறினால் எப்படி? கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடும் கை வேலை அது. உற்பத்தியை ஏன் நினைத்தபடி இரட்டிப்பாக்க முடியாது, மழைக்காலத்தில் ஆர்டர் ஏன் தாமதமாகும், மெஷினில் வரும் டைல்ஸோடு விலையில் எப்படிப் போட்டி போடுவது: ஒரு எம்.பி.ஏ. வகுப்பே நடத்தலாம். தேன்குழலும் மாவுருண்டையும் சிங்கப்பூருக்கு அனுப்பும் வீட்டுப் பெண்ணுக்கும் இதேதான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் போன இன்டர்ன்ஷிப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவது பெரிய வீண்.

விண்ணப்பத்தில் "அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதை வேலை அனுபவமாக எடுத்துக்கொள்ளவில்லையே என்று வருத்தப்படுவதும் இதோடு சேர்ந்ததுதான். வேலை அனுபவம் என்றால் சான்று கேட்பார்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும், எந்தப் பொறுப்பு உங்களுடையது என்று தெளிவாக இருக்க வேண்டும். இந்த வருஷம் கடையில்தான் உட்காரப் போகிறீர்கள் என்றால் முதல் மாதத்திலிருந்தே அப்படி உட்காருங்கள். "பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஐயா எந்த எம்.பி.ஏ. படிச்சார்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்; கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்படி வியாபாரத்துக்குப் போன அந்தத் தாத்தாவும் பயிற்சி எடுத்துத்தான் மேலே வந்தார். பெட்டியடிப் பையனாக (கடைநிலை எடுபிடி) சேர்ந்து, அடுத்தாளாகி (உதவியாளர்), அப்புறம்தான் மேலாள் (கடையை நடத்தும் முகவர்). ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எழுதத் தெரியாதவர் கையில் யாரும் பெட்டகச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. திரும்பி வந்து குடும்பத் தொழிலைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மும்பை எஸ்.பி. ஜெயின் நிறுவனத்திலும் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸிலும் (ஐ.எஸ்.பி.) அதற்கென்றே தனிப் படிப்புகள் இருக்கின்றன. ஐ.ஐ.எம். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று பேசுபவர்கள் இதை விசாரிப்பதே இல்லை.

வெளிநாட்டுக் கல்லூரி மறுத்திருந்தால் அதே விண்ணப்பக் கட்டுரையைத் தூசி தட்டி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டாம் முறை விண்ணப்பிப்பவரிடம், போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது என்று பல கல்லூரிகள் நேரடியாகவே கேட்கின்றன. ஜிமேட் (வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கு எழுதும் நுழைவுத் தேர்வு) மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும் என்பதால், அது நன்றாக இருந்தால் தேர்வைத் தொடவே வேண்டாம். வேலையிலும் பரிந்துரைக் கடிதத்திலும் மாற்றம் காட்டுங்கள். கேட் அப்படியில்லை, அடுத்த சேர்க்கைக்குப் புதிதாக எழுதியாக வேண்டும்.

கடைசியாக அவசரம். ஜூன் மாதம் சொந்தக்காரர் ஒருவர், தெரிந்த கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட் இருக்கிறது, நாளைக்கே முன்பணம் கட்டினால் போதும் என்பார். வருஷம் வீணாகிவிடக் கூடாது என்று வீடும் தலையாட்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க உத்தேசம் இருந்திருந்தால் டான்செட்டை (தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) முன்பே எழுதியிருக்க வேண்டும், ஐ.ஐ.எம். முடிவுகள் முழுதாக வரும்போது அந்தத் தேர்வு முடிந்துபோயிருக்கும். ஆகவே அடுத்த தடவை கேட் எழுதும்போதே அதையும் கணக்கில் வையுங்கள். சொந்தக்காரர் சொன்ன கல்லூரிக்குத்தான் போவது என்றாலும், அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதைத்தான் அவர்களே பேனரில் போட்டிருப்பார்களே. போன பேட்ச்சில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இருக்கிறதா, இடையில் விலகினால் முன்பணம் திரும்புமா என்று கேளுங்கள். முடிந்தால் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.