வேலூரில் வரவேற்புக்கு மண்டபம் பார்க்கும்போது

முதலில் மேடையைப் பார்க்காதீர்கள், சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். வரவேற்பு சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட 40 நிமிடம் ஆகும். 800 பேர் வருவார்கள், கூடத்தில் 200 நாற்காலி என்றால் நான்கு பந்தி. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். 7 மணிக்கு முதல் பந்தி உட்காராவிட்டால் கடைசிப் பந்தி முடியப் பத்து மணியைத் தாண்டிவிடும். நூறே இருக்கை உள்ள மண்டபம் வாடகை குறைவென்றாலும் வேண்டாம்.

சித்திரை, வைகாசி முகூர்த்தமென்றால் ஏசி அவசியம். வேலூர் வெயில் சுவரில் இறங்கி இரவிலும் புழுங்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேளுங்கள். பல இடங்களில் விளக்கும் மின்விசிறியும் மட்டுமே ஓடும். டீசல் செலவு யாருடையது?

வாடகையை மட்டும் கேட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மின்சாரம், துப்புரவு, பாத்திரம், கேஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக ஏறும். சாவி வாங்கும்போதும் திருப்பும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள். வெளிச் சமையல்காரரை விடுவார்களா, தேதி மாறினால் பணம் திரும்புமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ரயிலில் வரும் உறவினர் அதிகமென்றால் ரயில் சந்திப்பு உள்ள காட்பாடிப் பக்கம் நல்லது. அங்கிருந்து வேலூர் ஊருக்குள் வர, மாலை நெரிசலில் பாலாற்றுப் பாலம் தாண்டுவது பெரும்பாடு. வண்டி நிறுத்த இடம் போதுமா என்பது, வேறொரு வீட்டு வரவேற்பு நடக்கும் இரவில் எட்டு மணிக்கு வாசலில் நின்று பார்த்தால்தான் தெரியும்.